தொட்டிலுக்கு என்ன தீர்வை?

எல்லோரும் சௌக்கியமா? முட்டிவலி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? தண்ணீர் நிறையக் குடியுங்கள். மத்தியான வெயிலில் வெளியே போகாதீர்கள். இங்கே கிரேக்க நாட்டுப் பிரேயஸ் துறைமுகத்தில் தார் உருகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மாதா திருநாள் நெருங்குவதால் பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு தீவுகளுக்குப் போய்விட்டது. ஆகஸ்ட் மாதம் இந்த நாட்கள் வந்தாலே கலியோப்பிக்கு நடந்ததுதான் நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

கலியோப்பி இந்தத் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். வெளிநாட்டிலிருந்து யாருக்காவது சாமான் வந்தால், அதற்கு எவ்வளவு தீர்வை, அதன் மேல் எவ்வளவு வரி என்று முன்கூட்டியே மதிப்புப் போட்டுச் சொல்லி, சுங்கத்தில் தாக்கல் செய்து, சாமானை வெளியே எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். ஐம்பத்தெட்டு வயது. தடித்த கை, தடித்த குரல். பேக்கிங் லிஸ்டைப் பார்த்த மாத்திரத்தில் தொகையைச் சொல்லிவிடுவாள். ஒரு பெட்டியைக் கையால் தூக்கினால் எத்தனை கிலோ என்றும் சொல்லிவிடுவாள். தராசு அவளுக்குப் பிறகுதான் பேசும் என்று துறைமுகத்தில் கேலி செய்வார்கள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ வயது முழுக்க உழைத்துவிட்டு, கடைசிக் காலத்தில் ஊரோடு திரும்பி வருகிறவர்களின் வீட்டுச் சாமான் என்றால் அவள் கண்ணால்கூடப் பார்க்கமாட்டாள். சட்டம் அவர்களுக்குச் சலுகை கொடுத்திருக்கிறது. பழைய வீட்டில் ஆறு மாதமாவது உபயோகித்த பொருளாக இருந்தால் தீர்வை கிடையாது, புதிதாக இருந்தால் உண்டு. கிழவர்கள் கொண்டுவருவது என்ன? கால் ஆடும் மேஜை, கைப்பிடி போன வாணலி, கல்யாணத்துக்கு வந்த மெத்தை. எனவே லிஸ்டில் இருக்கும் எல்லாவற்றுக்கும் எதிரே 'உபயோகித்தது' என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். பிரேயஸில் எல்லா ஏஜென்டும் செய்வது இதுதான். கரிஃபாலியாவின் சாமானுக்கும் அப்படியே செய்தாள்.

கரிஃபாலியாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கறுப்புச் சேலைபோல் உடம்பைச் சுற்றிய கறுப்பு உடுப்பு, வற்றிய முகம், பிஸ்கட் ஆலையில் அட்டைப்பெட்டி மடித்து மடித்து வளைந்துபோன மணிக்கட்டு. மெல்போர்னில் ஐம்பது வருடம் இருந்தவள். புருஷன் தியோடோசிஸ் போய்ச் சேர்ந்ததும் வீட்டை விற்றுவிட்டு, பிறந்த ஊரான கித்திரா தீவுக்குத் திரும்புகிறாள். மதிப்புக் கேட்க வந்த அன்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு கட்டணும் பொண்ணே?"

"ஒரு காசு வேணாம்மா. எல்லாம் நீங்க பொழங்கினதுதானே?"

கிழவி கைப்பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"பொழங்கினதுதான்," என்றாள் கடைசியில். "எல்லாமே பொழங்கினதுதான்."

கலியோப்பி அதற்குள் அடுத்த ஃபோனை எடுத்திருந்தாள்.

திருநாளுக்கு முன்தினம் காலையில் சுங்க அதிகாரி சராந்திஸ் கூப்பிட்டான். இருவரும் இருபது வருடச் சிநேகிதர்கள். அவன் குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். அன்று அது இல்லை.

"அக்கா, அந்த கித்திராக் கிழவியோட சாமான் இருக்கே, அதுல ஒரு பெட்டி எடை ஒத்துவரல. மரத்தொட்டில், பதினாலு கிலோன்னு லிஸ்ட்ல இருக்கு. தராசுல பதினேழுக்கு மேல காட்டுது."

"உன் தராசுக்கு வெயில் பட்டிருக்கும்பா."

"மூணு தடவ போட்டுப் பாத்தாச்சு. நீ வா. புதுசா வந்திருக்கற மேலதிகாரி ஒவ்வொரு தாளையும் மோந்து பாக்கறா. போன வாரம் ஒருத்தன் பதினோரு ஏ.சி. பெட்டிய 'உபயோகித்த வீட்டுச் சாமான்'னு கொண்டுவந்தான். பிளாஸ்டிக்கக்கூட உரிக்கல, படுபாவி."

"அப்ப அந்தக் கிழவி தொட்டிலுக்குள்ள ஏ.சி. ஒளிச்சு வச்சிருக்கான்னு சொல்றியா?"

அவன் சிரிக்கவில்லை. "வா, அக்கா," என்றான். "மனூசோஸ் அந்தப் பெட்டிகிட்ட போகமாட்டேங்கறான்."

கிடங்கின் தகரக் கூரை வெயிலில் பொரிந்துகொண்டிருந்தது. லீவுக்கு முந்திய நாள் என்பதால் ஆள் நடமாட்டம் இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனூசோஸ் வண்டியை அணைத்துவிட்டு வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். க்ரீட் தீவுக்காரன், மலைபோல் ஆள், ஆனால் கழுத்தில் கண்ணேறு படாமலிருக்க நீலக்கண் மணி கட்டியிருப்பான். பொண்டாட்டி வேறு உண்டாயிருந்தாள்.

"என்னடா, ஒரு தொட்டிலுக்குப் பயந்து வெளிய நிக்கற?"

"உள்ள போய்க் கொஞ்ச நேரம் பேசாம நின்னு பாரு, அப்பறம் என்னைக் கேலி பண்ணு," என்றான் அவன்.

கலியோப்பி உள்ளே போய்ப் பேசாமல் நின்றாள். முதலில் கூரைத் தகரம் விரிகிற சத்தம்தான் கேட்டது. பிறகு இன்னொன்று. கிறீச். கொஞ்சம் இடைவெளி. கிறீச். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, அவசரமே இல்லாத சத்தம். ஆணி அடித்து மூடிய பலகைப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. அவள் முழங்கையில் மயிர் சிலிர்த்தது. அந்த வெயிலில்.

"எலியா இருக்கும்," என்றாள்.

"எலிக்கு ஊஞ்சல் கட்டியிருக்காங்களா?" என்றான் சராந்திஸ். பிறகு ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை நீக்கினான். சத்தம் நின்றுவிட்டது.

உள்ளே மஞ்சளேறிய மெல்லிய காகிதத்தில் சுற்றிய தொட்டில். வெள்ளை வண்ணம் பூசியது, வளைந்த அடிக்கட்டை வைத்து ஆடுகிற வகை. காகிதத்தை விலக்கியதும், தலைமாட்டில் நூலில் தொங்கிய கடைச் சீட்டை அவன் விரலால் தூக்கிக் காட்டினான். விலை ஆஸ்திரேலிய டாலரில். மெத்தையின் மேல் கடையில் போட்ட நீல ரிப்பன்கூட அவிழ்க்கப்படவில்லை.

"சீட்டு தொங்குது. ரிப்பன் பிரிக்கல. இத 'உபயோகித்தது'ன்னு எழுதியிருக்க, கீழ உன் கையெழுத்து. நான் என்ன அக்கா பண்றது?"

கலியோப்பி குனிந்தாள். பொருள் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் பிழைப்பு. பழையதைப் புதிது என்றும், புதியதைப் பழையது என்றும் சொல்லி ஏமாற்ற வருகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இது இரண்டிலும் சேரவில்லை. சீட்டு புதிது. ரிப்பன் புதிது. ஆனால் அடிக்கட்டை இரண்டும், தினமும் தரையில் உராய்ந்தது போலத் தட்டையாகத் தேய்ந்து, உள்மரம் தெரிந்தது. தலையணையின் நடுவே, ஒரு ஆரஞ்சுப் பழம் அழுந்திய அளவுக்குக் குழி. போர்வையின் கால்மாட்டில் நூல் பிரிந்து பஞ்சாகியிருந்தது, யாரோ உதைத்துக்கொண்டே இருந்தது போல.

அவள் உள்ளங்கையை அந்தக் குழியில் வைத்தாள். கிடங்கில் எல்லாப் பொருளும் சுட்டது. அது தகரத்தின் சூடு. இது வேறு. ஈரப்பதமான வெதுவெதுப்பு. தூங்குகிற பிள்ளையின் பிடரியில் இருக்குமே, அது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். விரலில் பால் வாசனை வந்தது.

"என்ன?" என்றான் சராந்திஸ்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "கிழவிக்கு ஃபோன் பண்றேன்."

கரிஃபாலியா துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் ஒரு மலிவான லாட்ஜில் தங்கியிருந்தாள். காகிதத்தில் பொட்டலம் கட்டிய சீஸ் பணியாரத்தோடு வந்து சேர்ந்தாள். வெறுங்கையோடு யாரையும் பார்க்கப் போகக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள். பெட்டி திறந்து கிடப்பதைப் பார்த்ததும் பொட்டலத்தைச் சராந்திஸின் கையில் திணித்துவிட்டு, நேரே தொட்டிலிடம் போனாள். ஆனால் அதைத் தொடவில்லை. ஒரு சாண் தள்ளியே நின்றாள்.

"எதுக்குத் திறந்தீங்க? வெளிச்சம் கண்ணுல படும்."

சராந்திஸும் கலியோப்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, இத நீங்க பொழங்கவே இல்லயே. சீட்டுகூட பிய்க்கல," என்றான் சராந்திஸ். "யார் இதுல தூங்கினாங்க?"

"என் மக."

"அப்படியா, சந்தோஷம். மக பேரு என்ன? ஒரு வரி எழுதிக்கறேன்."

கிழவி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த மரப்பலகை அடுக்கின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு, யாரும் மேற்கொண்டு கேட்காமலே, அவளே சொன்னாள்.

"கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். முதல் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு அவரு வாங்கிட்டு வந்தாரு. பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டில வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேக்கல மனுஷன். சரி, பிரிக்காமலாவது வைங்கன்னு மூலையில வச்சோம். குழந்தை ராத்திரி பொறந்துச்சு, விடியறப்ப போயிருச்சு. எனக்குக் காட்டவே இல்ல. வேற அறைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு இங்கிலீசு தெரியாது. நர்ஸ் ஒரு தாளக் கொண்டுவந்து, கையெழுத்துப் போடற எடத்த விரல வச்சுக் காட்டினா. போட்டேன்."

"என்ன தாள்?" என்றாள் கலியோப்பி.

"பல வருஷம் கழிச்சு ஆலையில ஒருத்தி படிச்சுச் சொன்னா. எனக்குக் குழந்தைன்னு ஒண்ணும் இல்ல, கேக்க எனக்கு எதுவும் இல்லன்னு எழுதியிருந்துச்சாம். அதுக்குக் கீழ என் கையெழுத்து."

மனூசோஸ் வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்திருந்தான்.

"நாப்பது நாள் ஆனதும் தொட்டில் ஆட ஆரம்பிச்சுது. நான் ஆட்டல. தொட்டதே இல்ல. அவருக்கும் கேக்கும். கேக்காத மாதிரி ரேடியோவ சத்தமா வைப்பாரு. அம்பது வருஷம், ரெண்டு பேரும் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. சாகறப்ப மட்டும் சொன்னாரு, ஊருக்குப் போனா அவள விட்டுட்டுப் போயிடாதன்னு."

சராந்திஸ் பணியாரப் பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் தாளில் ஒன்று எழுதியாக வேண்டும்.

கலியோப்பிக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "அம்மா, இதப் பெரிசு பண்ணவேணாம். புதுசுன்னே எழுதிருவோம். தீர்வையும் வரியும் சேந்து அம்பது யூரோகூட வராது. தப்பா எழுதினது நான், நானே கட்டிடறேன். சாயங்காலக் கப்பல்ல தொட்டில் உங்ககூட வந்துரும்."

"கீழ யாரு கையெழுத்துப் போடணும்?"

"திருத்தினா சாமானுக்குச் சொந்தக்காரங்கதான். நீங்கதான்."

"புதுசு, யாரும் உபயோகிக்கல, அப்படின்னு?"

"அப்படித்தான்மா எழுதுவோம். வெறும் சம்பிரதாயம்."

"ஒரு தடவ போட்டாச்சு பொண்ணே," என்றாள் கரிஃபாலியா. "என் மக இல்லன்னு ரெண்டாவது தடவ போடமாட்டேன்."

"அப்ப இது இங்கயேதான் இருக்கணும்," என்றான் சராந்திஸ், தரையைப் பார்த்துக்கொண்டே. "லீவு முடிஞ்சு மேலதிகாரி வந்து முடிவு பண்ணட்டும். கிடங்கு இன்னிக்கு மத்தியானமே பூட்டறோம்மா. மிச்ச சாமான நீங்க எடுத்துட்டுப் போலாம்."

"பூட்டுவீங்களா? இருட்டுலயா?"

சராந்திஸ் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"கப்பல்ல வந்த நாளத் தவிர அவ ஒரு நாள்கூடத் தனியா இருந்ததில்ல."

அப்போது தொட்டில் ஆடியது. நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில், காற்று அசையாத கிடங்கில். ஒரு பக்கம், மறுபக்கம். அழுகை இல்லை. அழத் தெரியாத ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி. மனூசோஸ் கழுத்து மணியைப் பிடித்துக்கொண்டான். சராந்திஸ் சிலுவை போட்டுக்கொண்டான். பொட்டலம் கீழே விழுந்தது.

"எங்கம்மா சொல்லுவாங்க," என்றான் அவன், உலர்ந்த குரலில். "செத்தவங்க மேல ஏறிப் போறப்ப, வானத்துல தட்டுத் தட்டா சுங்கச்சாவடி இருக்குமாம். ஒவ்வொண்ணுலயும் நிறுத்திச் சோதனை போடுவாங்களாம். நான் இந்த வேலையில சேந்தப்ப, மேலயும் இதே வேலை வாங்கிக்கோ, உள்ளூர் ஆளுங்கள விட்டுருன்னு சிரிப்பாங்க. இதுக்கு என்ன கணக்கு இருக்கப்போகுது, பச்சப்புள்ளைக்கு? எத வச்சு நிறுத்தி வச்சிருக்காங்க?"

கலியோப்பி தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத வச்சு நிறுத்துவாங்க? அது அவளுக்குத் தெரிந்த கேள்வி. இந்தக் கிடங்கின் பின்மூலையில் வருடக்கணக்காகக் கிடக்கிற பெட்டிகளை அவளுக்குத் தெரியும். அவற்றில் தங்கமும் இல்லை, கடத்தல் சாமானும் இல்லை. தீர்வை பாக்கியும் இல்லை. பெறுகிறவர் பெயர் என்ற இடத்தில் எதுவும் எழுதப்படாத பெட்டிகள் அவை. பெயர் இல்லாத சரக்கை எந்த அதிகாரியும் உள்ளேயும் விடமாட்டான், திருப்பியும் அனுப்பமாட்டான். அது அங்கேயே இருக்கும்.

"அம்மா," என்றாள். "குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகலதானே?"

"எப்ப ஆகும்? விடியறவரைக்கும்தான இருந்தா. ஆஸ்பத்திரியில யாராவது கையில தூக்கிப் பேரச் சொல்லியிருந்தாக்கூடப் போதும். எங்க ஊர்ல மருத்துவச்சி அப்படித்தான் செய்வா. அங்க யாருக்குத் தெரியும்?"

கிரேக்கர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. சாகப்போகிற பச்சைக்குழந்தைக்குப் பாதிரியார் வர நேரமில்லை என்றால், தண்ணீர்கூட வேண்டாம். விசுவாசமுள்ள யாராவது ஒருவர் குழந்தையை மூன்று முறை காற்றில் உயர்த்திப் பெயரைச் சொன்னால் போதும்.

"பேரச் சொல்லுங்க. நான் தூக்கறேன்."

"செத்த பிள்ளைக்கா? பாதிரியார் கேட்டா உன்னைச் சும்மா விடுவாரா?" என்றான் சராந்திஸ்.

"அவர் லீவுல போயிட்டாரு. நீ வாய மூடு. அம்மா, பேரு?"

கரிஃபாலியா இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் முதன்முறையாகக் கோபம் மாதிரி ஒன்று வந்தது.

"அதுலதான் சண்டையே. முதல் பொண்ணுக்கு மாமியார் பேரு வைக்கணும். மாமியார் பேரு பெலாயியா. பிசாசு. என்னைக் கிணத்தடியில நிறுத்தி அடிச்சவ. நான் எங்கம்மா பேரு வைக்கணும்னேன். அவரு முடியாதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் சண்டை. அப்பறம் சண்டை போட ஆளில்ல, பேரும் இல்ல."

"சரி, இப்ப அவரும் இல்ல, பெலாயியாவும் இல்ல. உங்கம்மா பேரையே வைங்க."

கிழவி நெடுநேரம் தொட்டிலைப் பார்த்தாள். அது ஆடிக்கொண்டே இருந்தது.

"வேணாம்," என்றாள். "அம்பது வருஷம் ரெண்டு கிழவிங்க பேருக்கு நடுவுல தொங்கிட்டா. அவளுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும். அவ்கி. விடியறப்ப போனவ, விடியல்னே இருக்கட்டும்."

"மாமியாருக்குக் கேட்டா எந்திரிச்சு வந்து சண்டை போடுவா."

"வரட்டுமே. இப்ப எனக்கு அடி தாங்கற வயசில்ல, திருப்பி அடிக்கற வயசு," என்றாள் கரிஃபாலியா. சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

கலியோப்பி கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், ஒன்றும் இருக்காது, வெறும் காற்றைத்தான் தூக்கப்போகிறோம், கிழவியின் மனம் ஆறட்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். குனிந்து, தலையணைக் குழிக்கு அடியில் ஒரு கையையும், போர்வை பிரிந்த இடத்துக்கு அடியில் மறு கையையும் கொடுத்தாள்.

தூக்கினாள். கனத்தது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் கைகளுக்கு நடுவில் கிடங்கின் சிமெண்டுத் தரை தெரிந்தது. ஆனால் வலது உள்ளங்கையில் உருண்டையாக ஒரு கனம், இடது கையில் நெளிகிற கனம். அவள் கைக்கு எடை தெரியும். மூன்றேகால் கிலோ. நல்ல ஆரோக்கியமான எடை, என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. தூக்கிய கைகள் பாதியிலேயே நின்றன.

"சொல்லு, பொண்ணே," என்றாள் கரிஃபாலியா. "நிறுத்தாத."

"கடவுளின் ஊழியக்காரி அவ்கி ஞானஸ்நானம் பெறுகிறாள்," என்று சொல்லி உயர்த்தினாள். "பிதாவின் பெயராலே."

"ஆமென்," என்றான் மனூசோஸ், எங்கிருந்தோ.

இறக்கி, மறுபடி உயர்த்தினாள். "சுதனின் பெயராலே." அந்தக் கனம் ஒரு மூச்சு இழுத்தது. அவள் மணிக்கட்டில் சின்னஞ்சிறு காற்றுப் பட்டது.

"ஆமென்," என்றான் சராந்திஸ்.

மூன்றாவது முறை உயர்த்தினாள். தலைக்கு மேலே, கை போகிற மட்டும். "பரிசுத்த ஆவியின் பெயராலே." கைகள் மேலே நின்றன. கனம் இறங்கவில்லை. யாரோ மேலேயிருந்து, மெதுவாக, பதமாக, வாங்கிக்கொண்டார்கள். உருண்டைக் கனம் முதலில் போனது, பிறகு கால்களின் கனம். கடைசியாக அவள் சுண்டுவிரலைப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டது.

கரிஃபாலியா, "அவ்கி," என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். யாருக்கும் பதில் கேட்கவில்லை. தொட்டில் நின்றுவிட்டது.

சராந்திஸ் தொட்டிலைப் பெட்டி, பலகையோடு சேர்த்துத் தூக்கித் தராசில் வைத்தான். பதினாலு கிலோ. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தான். பிறகு கலியோப்பியைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

அடிக்கட்டைகள் வளைவு மாறாமல் வழவழவென்று இருந்தன. வெள்ளை வண்ணத்தில் ஒரு கீறல் இல்லை. தலையணை உப்பியிருந்தது. போர்வை, கடையில் மடித்த மடிப்பு அப்படியே நின்றது. முகர்ந்தால் வார்னிஷ் வாசனை மட்டும் அடித்தது.

"அக்கா," என்றான் அவன் ரகசியமாக, "இது இப்ப நிஜமாவே புதுசு."

கலியோப்பி கிழவியைத் திரும்பிப் பார்த்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லவேண்டிய தேவை வரவில்லை. கரிஃபாலியா எழுந்து வந்து, ஐம்பது வருடத்தில் முதல் தடவையாகத் தொட்டிலின் விளிம்பைத் தொட்டாள். தட்டிப் பார்த்தாள். மெத்தையை அழுத்திப் பார்த்தாள். சந்தையில் மரச்சாமான் பார்க்கிற எந்தக் கிழவியையும் போல.

"வெறும் கட்டை," என்றாள். "எவ்வளவு ஆகும், பொண்ணே?"

"நான்தான் கட்டறேன்னு சொன்னேனேம்மா."

"நீ அவளத் தூக்கின. அது போதும். இது என் கணக்கு. எவ்வளவு?"

கலியோப்பி வாழ்நாளில் முதல் தடவையாகக் கால்குலேட்டரை எடுத்தாள். சீட்டிலிருந்த பழைய விலையை இன்றைய மதிப்புக்கு மாற்றி, தீர்வை, அதன் மேல் வரி. நாற்பத்தேழு யூரோ சொச்சம். கரிஃபாலியா கைப்பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி வைத்தாள். சராந்திஸ் 'உபயோகித்தது' என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே 'புதியது' என்று எழுதி, தாளை அவள் பக்கம் தள்ளினான். பேனாவைக் கொடுக்கும்போது அவன் கண்ணைத் தூக்கவில்லை.

"கண்டிப்பா போடறீங்களாம்மா?"

"போடறேன். அவ இதுல இல்ல, போயிட்டா. இப்ப இது பொய்யில்ல." கையெழுத்துப் போட்டாள். கிரேக்க எழுத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நிதானமாக. போட்டுவிட்டுத் தாளைத் திருப்பி, முழுதாகப் படித்துப் பார்த்தாள். "தீர்வை கட்டிட்டா, இத நான் யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம், இல்லயா?"

"தாராளமா."

"தம்பி, உன் பொண்டாட்டி உண்டாயிருக்காளாமே," என்றாள் மனூசோஸிடம். "எடுத்துக்கறியா?"

"தாயே, நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்," என்றான் மனூசோஸ், பின்னாலேயே நகர்ந்துகொண்டு. "எனக்கு வேணவே வேணாம்."

அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே ஒருவர் மாற்றி ஒருவர் தொட்டிலைப் பார்த்துக்கொண்டார்கள். அது அசையவில்லை. சாயங்காலம் மற்ற சாமான்களோடு அதுவும் கித்திராக் கப்பலில் ஏறியது. கரிஃபாலியா மேல்தளத்தில் நின்றாள். கையசைக்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கப்பல் கண்ணுக்கு மறைகிற வரைக்கும்.

கலியோப்பி அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக டிராலி பஸ்ஸில் ஏறினாள். திருநாளுக்குக் கடைசி நேரத்தில் ஓடுகிற கூட்டம், நிற்க இடமில்லை. மூன்றாவது சீட்டில் இருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்தாள். "உக்காருங்கம்மா, உக்காருங்க, பாத்து," என்று வழிவிட்டாள்.

எதற்கு இந்த மரியாதை என்று கலியோப்பிக்குப் புரியவில்லை. பிறகுதான் தன்னைக் குனிந்து பார்த்தாள். வலது கை மடங்கி, உள்ளங்கை குவிந்து, இடது கை அதற்கு அடியில் தாங்கி. கிடங்கில் தூக்கியது போலவே, அவளுக்குத் தெரியாமல் கைகள் மறுபடி மடங்கியிருந்தன. இறக்க முயன்றாள். வரவில்லை. எழுந்த பெண் அந்தக் காலிக் கைவளைவை உற்றுப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு, கண்ணேறு படக்கூடாது என்று எல்லோரும் செய்வது போல, "தூ, தூ, தூ," என்று அதன் மேல் மெல்லத் துப்பினாள்.

கலியோப்பி உட்கார்ந்துகொண்டாள். வீடு வரும்வரை கையை அசைக்கவில்லை.

இவ்வளவுதான் கதை. உங்கள் வீட்டிலும் யாரும் தொடாமலே தேய்ந்துபோன பொருள் ஏதாவது இருக்கிறதா? பெயர் வைக்காமல் விட்டுப்போன யாராவது இருக்கிறார்களா? இருந்தால் கீழே எழுதுங்கள். பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.